அதிர்வெண்ணைக் கூட்டினால் அலையின் வேகம் கூடாதது ஏன்?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் மனப்பாடம் செய்து கடந்துவிட்ட இயற்பியலை இப்போது பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்ற ஆவலில் அலைகள் பற்றிய பாடத்தை மறுபடியும் எடுத்திருக்கிறேன். தொடக்கத்திலேயே மூன்று ஐயங்கள் எழுந்து, அவற்றைத் தாண்டிச் செல்ல மனம் ஒப்பவில்லை.

முதலாவது ஐயம் அடிப்படைச் சமன்பாட்டைப் பற்றியது. அலையின் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வேகம் கிடைக்கும் என்கிறது பாடம். அப்படியானால் அதிர்வெண்ணை இரு மடங்காக்கும்போது வேகமும் இரு மடங்காக வேண்டும் என்றுதானே தோன்றும்? ஆனால் அடுத்த பக்கத்திலேயே, வேகம் ஊடகத்தைப் பொறுத்ததே தவிர அதிர்வெண்ணைப் பொறுத்ததன்று என்று எழுதியிருக்கிறது. அதிர்வெண் கூடினால் அலைநீளம் அதே விகிதத்தில் குறைந்து ஈடுகட்டிவிடும் என்ற விளக்கத்தையும் படித்தேன். ஈடுகட்டுகிறது என்பது கணக்காகப் புரிகிறது. அலைநீளம் ஏன் அவ்வாறு குறைய வேண்டும் என்பதுதான் புரியவில்லை. ஒரு கயிற்றின் நுனியை நான் விரைந்து ஆட்டும்போது என் கையின் வேகம் அலைக்குப் போய்ச் சேராமல் வேறு எங்கே போகிறது?

இரண்டாவது, ஒலியின் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்று ஓரிடத்தில் இருக்கிறது. காற்றைவிட நீர் பல நூறு மடங்கு அடர்த்தி மிக்கது. இரும்பு அதைவிடவும் மிக்கது. ஆனால் ஒலி காற்றில்தான் மெதுவாகவும் இரும்பில் மிக விரைவாகவும் செல்கிறது. இவ்விரண்டு கூற்றுகளையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

மூன்றாவது, ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் அலை நுழையும்போது வேகமும் அலைநீளமும் மாறும், அதிர்வெண் மட்டும் மாறாது என்கிறார்கள். மூன்றில் அதிர்வெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அலைநீளம் மாறாமல் இருந்து அதிர்வெண் மாறக் கூடாதா?

சூத்திரத்தைத் திருப்பி எழுதிக் காட்டாமல், என்ன நிகழ்கிறது என்பதை யாரேனும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

கதிரவன்:

இளவேனில் அவர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் மூன்று ஐயங்களுக்கும் வேர் ஒன்றுதான். அச்சமன்பாடு ஒரு கணக்கைச் சொல்கிறதே அன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு நொடியில் புறப்பட்ட முகடுகள் எத்தனை, அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று பார்த்து இரண்டையும் பெருக்கினால், முதல் முகடு அந்த ஒரு நொடியில் கடந்த தொலைவு கிடைக்கிறது. எந்த அலைக்கும் இது பொருந்தும். ஆனால் மூன்று அளவுகளில் எது முதலில் தீர்மானிக்கப்படுகிறது, எது அதன் விளைவாக வந்து அமைகிறது என்பதை அந்தச் சமன்பாட்டைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அதற்கு ஊடகத்தினுள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கயிற்றையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு மீட்டரின் நிறை 0.2 கிலோகிராம், இழுவிசை 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு சிறு துண்டு மேலே எழும்போது அது தன் அடுத்த துண்டை இழுக்கிறது. அந்தத் துண்டு தன் நிறையின் காரணமாக உடனே எழாமல் சற்றுத் தாமதித்து எழுந்து, தனக்கு அடுத்ததை இழுக்கிறது. இழுக்கும் விசை எவ்வளவு வலியது, இழுக்கப்படும் நிறை எவ்வளவு மந்தமானது என்ற இரண்டும்தான் இந்தக் கைமாற்றம் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை முடிவு செய்கின்றன. கணக்கிட்டால், இழுவிசையை ஒரு மீட்டர் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க, இந்தக் கயிற்றில் வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்று வருகிறது. உங்கள் கை இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

இப்போது கையை நொடிக்கு 2 முறை ஆட்டுங்கள். முதல் முகடு கையை விட்டுப் புறப்பட்டு அரை நொடி கழித்து இரண்டாவது முகடு பிறக்கிறது. அதற்குள் முதல் முகடு 5 மீட்டர் போயிருக்கும். ஆகவே அலைநீளம் 5 மீட்டர். கையை நொடிக்கு 5 முறை ஆட்டினால், இரண்டாவது முகடு 0.2 நொடியிலேயே பிறந்துவிடும். முதல் முகடு அதற்குள் 2 மீட்டர்தான் போயிருக்க முடியும். ஆகவே அலைநீளம் 2 மீட்டர். முன்னே சென்றுகொண்டிருக்கும் முகட்டுக்குப் பின்னால் கை என்ன செய்கிறது என்பது தெரியாது, தெரிய வழியும் இல்லை. அலைநீளத்துக்கு யாரும் கட்டளையிடவில்லை. முகடுகள் நெருக்கமான கால இடைவெளியில் பிறப்பதால் நெருக்கமான தொலைவில் அமைகின்றன, அவ்வளவே.

கையின் வேகம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். மிக நல்ல கேள்வி அது. கயிற்றின் துகள்கள் மேலும் கீழுமாக அசையும் வேகமாக அது போகிறது. அலை முன்னேறும் வேகமும் துகள் அலைவுறும் வேகமும் வெவ்வேறானவை என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணை இரு மடங்காக்கினால் துகளின் வேகம் இரு மடங்காகிறது. அலை ஒரு நொடியில் கொண்டுசெல்லும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நீங்கள் கூடுதலாகச் செய்த வேலை அந்த ஆற்றலாகத்தான் செல்கிறது. சாதாரண உரையாடலின்போது காற்றுத் துகள்கள் ஒலியால் முன்னும் பின்னும் அசையும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அதே நேரத்தில் அந்த ஒலி நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் அறையைக் கடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது ஐயத்துக்கு விடை இதிலேயே இருக்கிறது. வேகத்தை நிர்ணயிப்பவை இரண்டு: ஒன்று மீட்சித்தன்மை (பழைய நிலைக்குத் திரும்பத் தள்ளும் வலிமை), மற்றொன்று நிலைமம் (அசைவதில் நிறை காட்டும் மந்தம்). நீங்கள் படித்த வரி இரண்டாவதை மட்டும் சொல்கிறது. மீட்சித்தன்மை மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனையை அதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். நீரின் அடர்த்தி காற்றைவிட ஏறத்தாழ 830 மடங்கு. ஆனால் நீரை அமுக்குவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்: ஒலியைப் பொறுத்தவரை காற்றின் பருமக் குணகம் (அமுக்கத்தை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 1,40,000 பாஸ்கல்; நீருக்கோ அது ஏறத்தாழ 220 கோடி பாஸ்கல், அதாவது 15,000 மடங்குக்கும் மேல். 15,000-ஐ 830-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நான்குக்குச் சற்று மேலாக வரும். நீரில் ஒலியின் வேகம் காற்றில் உள்ளதைப் போல அத்தனை மடங்குதான், நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர். 1826-இல் கொலாதோன், ஸ்டுர்ம் என்ற இருவர் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியை அடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, தொலைவில் உள்ள படகில் வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள நேரத்தை அளந்து, 8 டிகிரி வெப்பநிலையில் நொடிக்கு 1,435 மீட்டர் என்று கண்டார்கள். இன்றைய அளவீட்டுக்கு மிக நெருங்கிய மதிப்பு அது. எஃகுக் கம்பியிலும் இதே கதைதான். அடர்த்தி மிகுதியாக இருந்தும் மீட்சிக் குணகம் அதைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர்.

மீட்சித்தன்மை ஏறத்தாழ ஒன்றாகவும் அடர்த்தி மட்டும் வேறாகவும் உள்ள இரண்டு பொருள்களை ஒப்பிட விரும்பினால், ஒரே அழுத்தத்தில் உள்ள காற்றையும் ஹீலியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீலியத்தின் அடர்த்தி காற்றின் ஏழில் ஒரு பங்கு. ஒலி அதில் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகச் செல்கிறது. அங்கே உங்கள் பாடத்தின் வரி அப்படியே உண்மையாகிறது.

மூன்றாவது ஐயத்துக்கு, மெல்லிய கயிறு ஒன்றைத் தடித்த கயிற்றோடு முடிச்சிட்டு இணைத்ததாக எண்ணுங்கள். முடிச்சு இரண்டு கயிறுகளுக்கும் பொதுவானது. அது நொடிக்கு 5 முறை எழுந்து தாழ்ந்தால், இடப்பக்கம் நின்று எண்ணினாலும் வலப்பக்கம் நின்று எண்ணினாலும் 5 தான். வேறு மாதிரி சொன்னால், எல்லைக்கு நொடிக்கு 5 முகடுகள் வந்து 4 மட்டும் அப்பால் போனால், நொடிக்கு ஒரு முகடு எல்லையிலேயே சேர்ந்துகொண்டிருக்க வேண்டும்; முகடுகள் அப்படிக் குவிந்து கிடக்க அங்கே இடமில்லை. ஆகவே எண்ணிக்கை மாறாது. ஆனால் அப்பால் போன முகடு புதிய ஊடகத்தின் வேகத்தில் செல்லத் தொடங்குவதால், அடுத்த முகடு வருவதற்குள் அது கடக்கும் தொலைவு மாறுகிறது. அதுதான் அலைநீள மாற்றம். காற்றில் 600 நானோமீட்டர் அலைநீளம் உள்ள ஒளி, ஒளிவிலகல் எண் 1.5 உள்ள, அதாவது ஒளி 1.5 மடங்கு மெதுவாகச் செல்லும், கண்ணாடிக்குள் 400 நானோமீட்டராகச் சுருங்குகிறது. காற்றில் 400 நானோமீட்டர் என்பது ஊதா நிறம் அல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. கண்ணாடிக்குள் போன ஒளி ஊதாவாகிவிடுவதில்லை. எந்த வழியாக வந்தாலும் அது இறுதியில் உங்கள் கண்ணுக்குள் இருக்கும் பாய்மத்தில்தான் நுழைகிறது, அதிர்வெண் மாறாததால் அங்கே அதன் அலைநீளமும் எப்போதும்போல் ஒன்றாகவே இருக்கிறது.

நெய்தல்:

கதிரவன் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் 'வேகம் ஊடகத்தை மட்டுமே பொறுத்தது' என்ற வாக்கியத்தை எந்த அலைக்கும் பொருந்தும் விதியாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இந்த இழையில் பதிவு செய்ய வேண்டும் என்று கருதுகிறேன். கயிறு, காற்றில் ஒலி ஆகிய இரண்டும் நல்ல நடத்தை உள்ள அலைகள். அவற்றில் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் செல்கின்றன. தொலைவில் நடக்கும் இசை நிகழ்ச்சியில் மத்தளத்தின் தாழ்ந்த ஒலியும் குழலின் உயர்ந்த ஒலியும் ஒன்றாகவே வந்து சேர்வதே அதற்குச் சான்று. ஆனால் நாம் 'அலை' என்றதும் முதலில் நினைக்கும் நீரலை அப்படிப்பட்டதன்று.

ஆழமான நீரின் மேற்பரப்பில் எழும் அலையின் வேகம் அதன் அலைநீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1 மீட்டர் அலைநீளம் உள்ள அலை நொடிக்கு ஏறத்தாழ 1.25 மீட்டர் செல்லும். 100 மீட்டர் அலைநீளம் உள்ளது நொடிக்கு 12.5 மீட்டர் செல்லும். ஊடகம் அதே நீர்தான். காரணம் என்னவென்றால், மேற்பரப்பில் அலை ஓடும்போது கீழே உள்ள நீரும் அலைநீளத்தின் பாதி அளவு ஆழம் வரை அதனோடு சேர்ந்து அசைகிறது. அலைநீளம் மிகுந்தால் அசைய வேண்டிய நீரின் நிறையும் மிகுகிறது, ஆகவே ஒவ்வோர் அலைவும் மெதுவாகிறது. ஆனால் அந்தத் தாமதம் அலைநீளத்தின் அளவுக்கு வளர்வதில்லை: அலைநீளம் நான்கு மடங்கானால் அலைவுக்காலம் இரண்டு மடங்குதான் ஆகிறது. ஆகவே நீண்ட அலை முந்துகிறது. இங்கே உங்கள் கையால் அதிர்வெண்ணைக் கூட்டினால் வேகம் குறையவே செய்யும்! இளவேனில் முதலில் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவு இது.

இதனால் ஒரு விளைவு உண்டு. கடலை அறிந்தவர்களுக்கு அது பழக்கமானது. தொலைவில் வீசிய புயல் எல்லா நீளத்திலும் அலைகளைக் கிளப்புகிறது. அவை பயணத்தின்போது நீளத்துக்கு ஏற்பத் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. ஆழ்நீரில் அலைக்கூட்டத்தின் ஆற்றல் நகரும் வேகம் தனி முகட்டின் வேகத்தில் பாதிதான் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 16 நொடி அலைவுக்காலம் உள்ள அலைக்கூட்டம் 1,000 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 22 மணி நேரமும், 8 நொடி அலைவுக்காலம் உள்ளது ஏறத்தாழ 44 மணி நேரமும் எடுக்கும். கரையில் முதலில் வந்து சேர்பவை நீண்ட, நிதானமான அலைகள். பிறகே குறுகிய அலைகள் வருகின்றன. இந்த வரிசையை அளந்து புயல் எவ்வளவு தொலைவில் வீசியது என்று கணிக்க முடியும். மிகச் சிறிய அலைகளில் நிலைமை மறுபடியும் மாறுகிறது: ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள சிற்றலைகளில் புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசையின் ஆட்சி மேலோங்குகிறது. அங்கே குறுகிய அலைதான் விரைவானது. நீர்ப்பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 23 சென்டிமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் எந்த அலையின் முகடும் ஓடுவதில்லை.

ஆழம் குறைந்த நீரில் வேறொரு விதி. அலைநீளத்தோடு ஒப்பிட ஆழம் மிகச் சிறியதாக இருந்தால், அலைநீளம் கணக்கிலிருந்து விலகி, ஆழம் மட்டுமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. 4 கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலைக்கூட ஆழிப்பேரலை ஆழமற்ற நீராகவே உணர்கிறது, ஏனெனில் அதன் அலைநீளம் 200 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அங்கே அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். கரையருகே 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டராகக் குறைகிறது. கதிரவன் ஐயா சொன்ன எல்லை விதி இங்கே அப்படியே செயல்படுவதைக் கவனியுங்கள்: அலைவுக்காலம் ஏறத்தாழ 17 நிமிடமாகவே நீடிக்கிறது, 200 கிலோமீட்டர் அலைநீளம் 10 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. நீண்ட தொலைவில் பரவிக் கிடந்த ஆற்றல் குறுகிய இடத்தில் நெருக்கப்படுவதால் உயரம் வளர்கிறது. ஆழ்கடலில் கப்பலில் இருப்பவர்கள் உணராத அலை கரையில் பேரழிவாவது இதனால்தான்.

ஒளிக்கும் கண்ணாடிக்குள் இதே நிலைதான். ஊதா ஒளியின் விலகல் எண் சிவப்பு ஒளியினுடையதைவிடச் சற்று மிகுதி. ஆகவே ஊதா சற்று மெதுவாகச் செல்கிறது, மிகுதியாக வளைகிறது. முப்பட்டகத்தில் நிறங்கள் பிரிவது அந்தச் சிறு வேறுபாட்டால்தான். வெற்றிடத்தில் இவ்வேறுபாடு கிடையாது.

அனல்:

காற்றின் பருமக் குணகத்தை 1,40,000 பாஸ்கல் என்று கதிரவன் ஐயா குறிப்பிட்டார். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,01,000 பாஸ்கல்தான். அதை ஏன் 1.4-ஆல் பெருக்கியிருக்கிறார் என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. காற்று அமுக்கப்படும்போது வெப்பநிலை மாறாது என்று வைத்துக் கணக்கிட்டால், அழுத்தமே பருமக் குணகமாகும். நியூட்டனின் கணக்கு அதுதான். அப்படிச் செய்தால் 0 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 280 மீட்டர் என்று வருகிறது. அளந்தால் கிடைப்பதோ 331 மீட்டர். நெருக்கப்பட்ட காற்று சூடாகி இன்னும் வலுவாக எதிர்த்துத் தள்ளுகிறது என்பதை 1816-இல் லாப்லாஸ் சுட்டிக்காட்டினார். அந்த 1.4 என்ற காரணியின் வர்க்கமூலம் 1.18, 280-ஐ அதனால் பெருக்கினால் 331.

பல நூல்களில், ஒலி மிக விரைவாக அலைவுறுவதால் வெப்பம் வெளியேற நேரமில்லை என்று எழுதியிருக்கும். இது பாதி உண்மைதான். அதிர்வெண் குறைந்தால் வெப்பத்துக்கு நேரம் கூடுகிறது, ஆனால் நெருக்கத்துக்கும் நெகிழ்வுக்கும் இடையே உள்ள தொலைவும் கூடுகிறது; வெப்பம் ஒரு தொலைவைக் கடக்க எடுக்கும் நேரம் அத்தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், தாழ்ந்த ஒலியில் வெப்பம் கடந்து செல்வது இன்னும் கடினமாகிறது. நாம் கேட்கும் எல்லா ஒலிக்கும் லாப்லாஸின் திருத்தம் செல்லுபடியாவதும், காற்றில் ஒலியின் வேகம் அதிர்வெண்ணைச் சாராமல் இருப்பதும் இதனோடு தொடர்புடையவை.

இளவேனில்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முதல் முகட்டுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்ற ஒரு வரியிலேயே பெரும் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே சிந்தித்தபோது வேறொரு கேள்வி வந்து நிற்கிறது.

அதிர்வெண்ணை மூலம் தருகிறது, வேகத்தை ஊடகம் தருகிறது, அலைநீளம் விளைவாக வருகிறது என்ற வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கம்பிக் கருவியில் கம்பியை ஒரு முறை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். நொடிக்கு இத்தனை முறை என்று நாம் ஆட்டவில்லை. இருந்தும் அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. முறுக்கினால் சுருதி ஏறுகிறது; விரலால் அழுத்தி நீளத்தைக் குறைத்தாலும் சுருதி ஏறுகிறது. குழலில், காற்று சூடானால் சுருதி ஏறுகிறது. அங்கெல்லாம் அதிர்வெண்தானே விளைவாக வருவதுபோல் தெரிகிறது? ஹீலியத்தை உள்ளிழுத்துப் பேசுபவரின் குரல் மாறுவதும் இதில் சேருமா?

யாழ்:

சரியாகவே கண்டிருக்கிறீர்கள். கம்பியிலும் குழலிலும் வரிசை தலைகீழாகிறது. கதிரவன் ஐயா பேசிய கயிற்றுக்கு மறுமுனை இல்லை. அலை போய்க்கொண்டே இருக்கலாம். கருவியின் கம்பிக்கு இரண்டு முனைகளும் அசையாமல் கட்டப்பட்டிருக்கின்றன. மீட்டிய இடத்திலிருந்து இரு பக்கமும் ஓடிய அலைகள் முனைகளில் பட்டுத் திரும்பி, ஒன்றன் மேல் ஒன்று பொருந்துகின்றன. எல்லா நீளமுள்ள அலைகளும் அந்த மோதலில் நிலைத்து நிற்க முடியாது. இரண்டு முனைகளிலும் கணு, அதாவது அசையாத புள்ளி, அமையும்படி பொருந்துபவை மட்டுமே நீடிக்கும். கம்பியின் நீளம் அரை அலைநீளத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனை. ஆகவே இங்கே அலைநீளத்தைக் கம்பியின் நீளம் விதிக்கிறது, வேகத்தை இழுவிசையும் நிறையும் விதிக்கின்றன, அதிர்வெண் விளைவாக வருகிறது.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். 65 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி 110 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்றால், கம்பியில் உள்ள அலையின் நீளம் 1.3 மீட்டர், வேகம் நொடிக்கு 143 மீட்டர். முறுக்காணியைத் திருகி இழுவிசையை நான்கு மடங்காக்க முடிந்தால் வேகமும் அதனால் அதிர்வெண்ணும் இரு மடங்காகும், அலைநீளம் 1.3 மீட்டராகவே இருக்கும். மாறாக, கம்பியை நடுவில் அழுத்தினால் வேகம் அப்படியே இருக்க, அலைநீளம் பாதியாகி, அதிர்வெண் இரு மடங்காகும். கேட்பவருக்கு இரண்டும் ஒரே சுருதி. ஆனால் கம்பியினுள் நடந்தவை வெவ்வேறு.

இனி அந்த 110 ஹெர்ட்ஸ் கம்பி தன் உடலையும் காற்றையும் அதிரச் செய்கிறது. காற்றைப் பொறுத்தவரை கம்பிதான் மூலம். அதனால் அங்கே பழைய வரிசை திரும்பிவிடுகிறது. அதிர்வெண் அதே 110, வேகம் காற்றுக்குரிய 343, அலைநீளம் 3 மீட்டருக்குச் சற்று மேல். கம்பியில் இருந்த 1.3 மீட்டர் என்ற அளவுக்கும் காற்றில் உள்ள அளவுக்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. கம்பி ஒலியைப் பற்றிய கணக்குகளில் மாணவர்கள் கம்பியின் அலைநீளத்தையும் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடுவது இங்கே கவனம் தவறுவதால்தான்.

குழலில் அலைநீளத்தைக் குழலின் நீளம் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே உள்ள காற்றின் வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 349 மீட்டராகிறது. 440 ஹெர்ட்ஸில் ஒலித்த சுரம் ஏறத்தாழ 447-க்குச் செல்கிறது. அரைச்சுரத்துக்குக் குறைவான மாற்றம்தான், ஆனால் சேர்ந்து இசைப்பவர்களின் காது அதைப் பொறுக்காது. வாசிக்கத் தொடங்கும் முன் குழலை ஊதிச் சூடாக்கிக்கொண்டு சுருதி சேர்ப்பதன் காரணம் இது.

ஹீலியம் பற்றிய கேள்வி சற்று நுட்பமானது. குரல்நாண்கள் அதிரும் அதிர்வெண்ணை அவற்றின் இறுக்கமும் நிறையும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. சுற்றியுள்ள வாயு மாறுவதால் அது பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் ஒத்ததிர்வு அதிர்வெண்கள், அதாவது அந்தக் குழாய் வலுப்படுத்தும் அதிர்வெண்கள். ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் முதல் ஒத்ததிர்வு காற்றில் 500 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். தூய ஹீலியம் நிறைந்திருந்தால் அது 1,500 ஹெர்ட்ஸ் அளவுக்குப் போய்விடும். நாண்கள் எழுப்பும் ஒலியில் உள்ள உயர்ந்த கூறுகள் அதனால் மேலோங்கி, குரலின் சாயல் அடியோடு மாறிக் கேட்கிறது. உண்மையில் ஏறுவது சுருதியைவிட ஒலியின் தன்மையே. அறிவியல் ஆர்வத்தில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஹீலியத்தில் ஆக்சிஜன் இல்லை, சில மூச்சுகளிலேயே மயக்கமும் உயிருக்கு ஆபத்தும் நேரக்கூடும்.

கதிரவன்:

யாழ் அவர்களின் பதிலை வரவேற்கிறேன். எது விதிக்கப்பட்டது, எது விளைந்தது என்று ஒவ்வொரு சூழலிலும் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், இளவேனில் அடுத்து படிக்கப்போகும் டாப்ளர் விளைவும் (மூலமோ கேட்பவரோ நகரும்போது கேட்கும் அதிர்வெண் மாறுவது) எளிதாகிவிடும். அதில் பலரும் இடறும் ஓர் இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

500 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரு மூலம் அசையாமல் நின்றால் அலைநீளம் 343-ஐ 500-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 0.686 மீட்டர். அது உங்களை நோக்கி நொடிக்கு 34.3 மீட்டர் வேகத்தில் வந்தால், ஒவ்வொரு முகடும் முந்தையதற்குச் சற்று அருகிலிருந்து புறப்படுகிறது. ஆகவே காற்றிலேயே அலைநீளம் ஏறத்தாழ 0.617 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மூலம் ஓடுவதால் ஒலியின் வேகம் கூடுவதில்லை, அது காற்றுக்குரியது. உங்கள் காதை நொடிக்கு ஏறத்தாழ 556 முகடுகள் எட்டுகின்றன. மாறாக, மூலம் நின்று நீங்கள் அதே வேகத்தில் அதை நோக்கிச் சென்றால், காற்றில் உள்ள அலைநீளம் 0.686 மீட்டராகவே இருக்கிறது. நீங்கள் முகடுகளை எதிர்கொண்டு சந்திப்பதால் மட்டும் எண்ணிக்கை கூடி 550 ஆகிறது. நெருங்கும் வேகம் ஒன்றாக இருந்தும் 556, 550 என்று இரண்டு விடைகள் வருவதைப் பார்த்துக் கணக்கில் பிழை என்று எண்ண வேண்டாம். ஒலிக்கு ஊடகம் உண்டு; மூலம் அந்த ஊடகத்தில் நகர்கிறதா, கேட்பவர் நகர்கிறாரா என்பது அங்கே வெவ்வேறு நிகழ்வுகள். வெற்றிடத்தில் செல்லும் ஒளிக்கு அப்படி ஓர் ஊடகம் இல்லாததால் இந்த வேறுபாடும் இல்லை. அங்கே ஒன்றையொன்று நெருங்கும் சார்பு வேகம் மட்டுமே கணக்கில் வருகிறது.